வாசனை எண்ணெய் வீட்டு மருந்தாக: தழை முதல் சொட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சளி பிடித்தால் நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கும் வேது, தலைக்குக் குளித்தால் சாம்பிராணிப் புகை, வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர், கோடை வந்தால் பானைக்குள் வெட்டிவேர் முடிச்சு. திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் வாசனையை மருந்தாகக் கையாள்வது நேற்று வந்த பழக்கம் அல்ல. இப்போது அந்தத் தழையும் வேரும் இருந்த இடத்துக்குச் சொட்டு மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டிகள் வந்துவிட்டன. நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது.

புட்டி வந்ததில் குறை ஒன்றும் இல்லை. தழை அள்ளிப் பழகிய கை அதே தாராளத்தோடு புட்டியைச் சாய்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் அந்த அளவுக் கணக்குதான்.

முதலில் கணக்கு

தாவரத்தின் வாசனை எண்ணெய் என்பது இலை, பூ, வேர், பட்டை, விதை இவற்றுக்குள் நுண்ணிய பைகளில் இருக்கும், எளிதில் ஆவியாகிவிடும் பொருள்களின் கலவை. நீராவி அந்தப் பைகளை உடைத்து வாசனையைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் பெரும்பாலும் கீழே தண்ணீரும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலமும் சேரும். அந்தப் படலத்தைப் பிரித்து எடுத்ததுதான் புட்டியில் வருகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்பது தாவரத்துக்குத் தாவரம் மாறும். பச்சை எலுமிச்சம்புல்லில் அரை சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். ஓமத்தில் 2 முதல் 4 சதவீதம். கிராம்பு மொட்டு தாராளமானது, 15 சதவீதத்துக்கு மேலேகூடப் போகும். ரோஜாவோ ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தராது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு டன் கணக்கில் பூ வேண்டும்.

இதை நம் வீட்டு வேதுவோடு பொருத்திப் பாருங்கள். ஒரு கைப்பிடி யூகலிப்டஸ் இலை 20 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை சதவீதம் எண்ணெய் என்றால் 0.3 கிராம். சொட்டில் சொன்னால் ஆறேழு. அதுவும் முழுவதும் ஆவியில் வந்துவிடாது. ஆக, இலை போட்டுப் பிடித்த வேதுவுக்குச் சமமாகப் புட்டியிலிருந்து போட வேண்டியது இரண்டு, மிஞ்சினால் மூன்று சொட்டு. மூடி நிறைய ஊற்றினால் ஒரு கூடைத் தழையை முகத்தில் கொட்டியதாக அர்த்தம். கண் எரியும், தொண்டை இறுகும், சிலருக்கு வலிப்பே வரும்.

இனி வரும் அளவுகளுக்கெல்லாம் 1 மி.லி. என்பது சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவத்தில் வாசனை உட்காரும் இடம்

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறது. புறமருந்துப் பட்டியலில் வேது, புகை, ஒற்றடம், பொட்டணம், நசியம், தொக்கணம் எல்லாம் உண்டு. வாசனை உடலுக்குள் போகும் வழிகள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கிவிட்டன: ஆவி, புகை, சூடு, மூக்கு, தேய்ப்பு. அகமருந்துப் பட்டியலில் தீநீர் இருக்கிறது. வாலை என்ற கருவியில் மருந்துச் சரக்கைத் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து வடிப்பது அது. ஓமத் தீநீர் அதில் எல்லோருக்கும் தெரிந்தது. இன்று வாசனை எண்ணெய் வடிக்கும் ஆலையில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்.

நாம் தலையில் தேய்க்கும் மருந்துத் தைலம் வேறு பொருள். நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ மூலிகைச் சாறும் கற்கமும் (அரைத்த விழுது) சேர்த்து, பதம் வரும்வரை காய்ச்சி இறக்கியது. அதில் அடிப்படை எண்ணெய்தான் முக்கால்வாசிக்கும் மேல். அதனால் உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்க்கலாம். சொட்டுப் புட்டியில் அந்த அடிப்படை எண்ணெய் ஒரு துளிகூடக் கிடையாது.

வித்தியாசம் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டையும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். மறுநாள் காலையில் தைலம் விழுந்த இடத்தில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தாள் கண்ணாடி போலத் தெரியும். எலுமிச்சம்புல் எண்ணெயோ யூகலிப்டஸோ விழுந்த இடத்தில் பிசுக்கு இருக்காது. லேசாக மஞ்சள் தட்டியிருக்கலாம், அவ்வளவுதான். வெட்டிவேர், சந்தனம் போன்ற கனத்த எண்ணெய்கள் போக நாளாகும்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் எந்த வாசனை மருந்தையும் அங்கே உள்ளவர்களைப் போன்ற முறையாகப் படித்த மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ளுக்குக் கொடுக்கும் அளவு எதுவும் சொல்லப்போவதில்லை.

நவீன மருத்துவம் என்ன சொல்கிறது

வாசனை எண்ணெய் வைத்தியத்துக்கு அரோமாதெரபி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரெனே மொரீஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1910-ல் ஆய்வகத் தீவிபத்தில் கை வெந்து, புண் அழுகத் தொடங்கியபோது லாவெண்டர் எண்ணெய் தனக்கு உதவியதாக அவர் எழுதினார். இத்துறையைப் பற்றிய அவர் புத்தகம் 1937-ல் வெளிவந்தது. ஆவியில் வாசனை வடிப்பது அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது.

மூக்கில் ஏறும் வாசனை, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேரடியாகப் போய்ச் சேருகிறது. பிச்சிப்பூ வாசனையில் மனசு இளகுவதற்கு உடலுக்குள்ளேயே காரணம் உண்டு. ஆனால் மனசு இளகுவது ஒன்று, நோய் தீர்வது இன்னொன்று.

சோதித்துப் பார்த்து ஓரளவு ஆதாரம் உள்ளவை என்றால் இவற்றைச் சொல்லலாம். பெப்பர்மின்ட் எண்ணெய், குடலில் போய்க் கரையும் உறையிட்ட மாத்திரையாகக் கொடுக்கும்போது, எரிச்சல் குடல் நோயில் வயிற்று வலியைக் குறைக்கிறது. அதே எண்ணெயை 10 சதவீதக் கரைசலாக நெற்றியில் தடவி, இறுக்கத் தலைவலி குறைவதை ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலை எண்ணெய்) ஜெல் முகப்பருவைக் குறைத்தது. வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக வேலை செய்தது, எரிச்சலும் குறைவு. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலைப் பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பற்குழியில் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்துகிறார்கள்.

மூக்கடைப்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மென்தால் (புதினா உப்பு) முகர்ந்ததும் மூச்சு தாராளமாக வருவதுபோல் இருக்கிறதே, அது குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தூண்டுவதால் வரும் உணர்வு. அளந்து பார்த்தால் மூக்கின் அடைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். தூங்க முடியாமல் தவிப்பவருக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்குகிறவருக்கு, நெஞ்சு இழுக்கிறவருக்கு அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடக் கூடாது. 2021-ல் கற்பூரம், கிராம்பு, ஓமம் கட்டிய பொட்டலத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் அளவு ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

சர்க்கரை, புற்றுநோய், டெங்கு இவற்றை வாசனை எண்ணெய் குணப்படுத்தும் என்று யாராவது விற்றால் கடையை மாற்றிவிடுங்கள்.

கடையில் வாங்கும்போது

நல்ல நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்வது பெரிய பலம். "அண்ணாச்சி, இது எந்தச் செடியில, எந்தப் பாகத்துல வடிச்சது?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் புட்டியைத் திருப்பி லேபிளைக் காட்டுவார். அதில் செடியின் தாவரவியல் பெயர், எடுத்த பாகம், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் இருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் வெறும் 'ஃப்ராக்ரன்ஸ்' என்று போட்டிருந்தால் அது ஊதுவத்திக்கும் மெழுகுவத்திக்கும் உள்ள செயற்கை மணம். உடம்பில் தேய்க்க வேண்டாம்.

விலையும் நிறையச் சொல்லிவிடும். எலுமிச்சம்புல்லும் ரோஜாவும் சந்தனமும் ஒரே விலையில் வரிசையாக நின்றால், அந்த ரோஜா ரோஜாவாக இருக்க வழியே இல்லை. மல்லிகை, பிச்சியில் சுத்த எண்ணெய் என்று மலிவாக விற்பதையும் நம்பாதீர்கள். அந்தப் பூக்களின் மணம் ஆவிச் சூட்டைத் தாங்காது, கரைப்பான் கொண்டு பிரித்தெடுப்பார்கள். சங்கரன்கோவில் பூச்சந்தையில் பிச்சி விற்கிற விலையையும் ஒரு சின்னப் புட்டிக்கு எத்தனை கிலோ பூ போகும் என்பதையும் யோசித்தாலே விளங்கிவிடும்.

முழு உறுதி வேண்டும் என்றால், எண்ணெயில் என்னென்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி அறிக்கை கேட்கலாம். பெரிய உற்பத்தியாளர்கள் தருவார்கள்.

தொடக்கத்துக்கு மூன்று போதும்: யூகலிப்டஸ், எலுமிச்சம்புல், லாவெண்டர். பத்துப் புட்டிப் பெட்டி வாங்கி அலமாரியில் கெட்டுப்போக விட வேண்டாம்.

பொதிகை மலையில் தானாக விளைகிறதே, போய்ப் பறித்து வரலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் கேடு. நொச்சி வயல் வரப்பிலும் தாமிரபரணிக் கரையிலும் தாராளமாக நிற்கிறது. எலுமிச்சம்புல் ஒரு தூர் வாங்கிக் கொல்லையில் வைத்தால் ஆறு மாதத்தில் வீட்டுத் தேவைக்குப் போதும்.

வேது பிடிக்கும் முறை

தழை கிடைக்கும் வரை தழைதான் சிறந்தது என்பது என் கருத்து. நொச்சித் தழையை உருவிப் போட்டுக் கொதிக்கவிடும்போது முதலில் பச்சை நெடி வரும், கொஞ்ச நேரத்தில் அது அடங்கி மிளகுக் காரம் கலந்த மணம் எழும்பும். அந்த மணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் வாசனை வெளியே போய்விடும், வெறும் சுடுதண்ணீர்தான் மிஞ்சும்.

புட்டியில் செய்வதானால்:

1. அகலமான பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் அசையாத இடத்தில் வையுங்கள். மடியிலோ கட்டில் மேலோ வேண்டாம். வேது பிடிப்பதில் அதிகம் நடக்கும் விபத்து பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான்.

2. இரண்டு மூன்று நிமிடம் கொதி அடங்கட்டும். பிறகு 2 சொட்டு யூகலிப்டஸ்.

3. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைப் பாத்திரத்திலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் வைத்து, போர்வையைத் தளர்வாகப் போர்த்துங்கள். முதல் நிமிடம் வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுங்கள்.

4. ஐந்து நிமிடம் போதும். இருமல் வந்தால் உடனே போர்வையை விலக்குங்கள்.

5. வியர்வையைத் துடைத்துவிட்டு, காற்றாடிக்கு அடியில் உட்காராமல் கொஞ்ச நேரம் இருங்கள்.

கற்பூரத்தை வேதுவில் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு இந்த முறையே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வெறும் நீராவிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

உடம்பில் தேய்க்க

இங்கே ஒரே ஒரு சட்டம்: நேரடியாகத் தோலில் படக் கூடாது. செக்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 30 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கும் வயதானவர்களுக்கும் 6 சொட்டு, அதாவது 1 சதவீதம். தோள், முதுகு, முழங்காலுக்கு 12 சொட்டு, 2 சதவீதம். அதற்கு மேல் போவதால் பலன் கூடாது, தோல் ஒவ்வாமைதான் கூடும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த எண்ணெய் பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது.

சில எண்ணெய்களுக்கு இந்த அளவே அதிகம். 30 மி.லி.யில் எலுமிச்சம்புல் 4 சொட்டு, கிராம்பு 3 சொட்டு போதும். இலவங்கப்பட்டை எண்ணெயைத் தோலுக்கே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு நம்மூர் வெயிலில் இறங்கினால் தோல் கொப்பளித்துக் கறுத்துப்போகும்.

கலந்ததை முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு இல்லையென்றால் மேலே பயன்படுத்தலாம்.

எண்ணெய்க் குளியல் நாளில் வாசனை வேண்டுமென்றால் தேய்க்கும் எண்ணெயிலேயே கலந்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் சொட்டினால் அது கரையாது, மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டி எரியும்.

பல் வலிக்குக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து நேரே வைப்பவர்கள் நிறையப் பேர். ஈறு வெந்துபோகும். கால் டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் 1 சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைத்து, ஊறும் எச்சிலைத் துப்பிவிடுங்கள். அது பல் மருத்துவரைப் பார்க்கும் வரை சமாளிக்கத்தான்.

வீட்டுக்குள் மணம்

மணம் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் 100 மி.லி. தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ராத்திரி முழுக்க ஓடவிடாதீர்கள். பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ வேண்டவே வேண்டாம், அதன் உடம்பு அதைக் கழிக்க முடியாது.

சாம்பிராணி வேறு கணக்கு. புகை எந்த மணத்தில் வந்தாலும் நுரையீரலுக்குப் புகைதான். பச்சைப் பிள்ளைக்குத் தலை காயப் புகை காட்டுவதை ஆச்சிமார் பாசத்தோடு செய்கிறார்கள். துண்டால் ஒற்றிவிட்டு இளவெயிலில் மடியில் வைத்திருந்தாலே தலை காய்ந்துவிடும். மூடிய அறையில் கைக்குழந்தைக்குப் புகை வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கொசுவுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் உதவும், ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு பரவும் நாட்களில் கொசுவலைதான் காக்கும்.

தீநீர் வடித்துப் பார்க்கலாம்

வாலை இல்லாமல் அடுக்களைப் பாத்திரத்திலேயே எலுமிச்சம்புல் தீநீர் வடிக்க முடியும். எண்ணெய் என்று தனியாக எடுக்கும் அளவு வராது, வாசனை ஏறிய தண்ணீர் வரும். அதுவே வீட்டுக்கு நல்லது, ஏனென்றால் அதில் எண்ணெய் இம்மியளவுதான் கரைந்திருக்கும்.

ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தின் நடுவில் ஒரு சின்னக் கல்லையோ தாங்கியையோ வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணம் வையுங்கள். கிண்ணத்தைச் சுற்றி நறுக்கிய புல்லைப் போட்டு, புல் முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், கிண்ணத்துக்குள் தண்ணீர் ஏறக் கூடாது. குமிழ் உள்ள மூடியைக் கவிழ்த்து மூடுங்கள், குமிழ் கிண்ணத்துக்கு நேர் மேலே வரட்டும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, கவிழ்த்த மூடியின் குழிவில் ஐஸ் கட்டியைப் போடுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருக உருகக் கரண்டியால் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். முக்கால் மணி நேரம் போதும், பாத்திரம் வற்றிப் புல் கருக விடக் கூடாது.

கிண்ணத்தில் இருப்பதைச் சாய்த்துப் பார்த்தால் மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம் தெரியும். கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தலையணையில் தெளிக்கவோ கை கால் துடைக்கும் நீரில் சேர்க்கவோ செய்யலாம். முறைப்படி வடித்த தீநீர் ஓராண்டு நிற்கும் என்பது சித்தக் கணக்கு. அடுக்களையில் அந்தச் சுத்தம் வராது. பிரஷர் குக்கரில் குழாய் மாட்டி வடிக்கும் வேலையைச் செய்யாதீர்கள், துவாரம் அடைத்தால் வெடிக்கும்.

ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம்

இந்த மூன்றையும் சம எடை எடுத்துக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடினால் தீ இல்லாமலே உருகும். முதலில் படிகங்களின் ஓரம் ஈரமாகும், பிறகு புட்டியின் உள்பக்கம் வழியத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் கட்டி கரைந்து தெளிந்த திரவமாக நிற்கும். அமிர்ததாரை என்று கடையில் விற்பது அடிப்படையில் இதுதான். மூன்று திடப்பொருள்களும் ஒன்றாகச் சேரும்போது கலவையின் உருகுநிலை அறைச் சூட்டுக்குக் கீழே இறங்கிவிடுவதால் இது நடக்கிறது.

பெரியவர்களின் தோள்வலிக்கு 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் 10 சொட்டு கலந்து தேய்க்கலாம். சர்க்கரையில் விட்டுச் சாப்பிடும் பழக்கத்தைத் தானாக வைத்துக்கொள்ளாதீர்கள். இதில் மூன்றில் ஒரு பங்கு கற்பூரம். சின்னப் பிள்ளைக்கு ஒரு கிராம் கற்பூரமே உயிருக்கு உலை வைக்கும்.

யாருக்கு வேண்டாம்

வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு யூகலிப்டஸும் கற்பூரமும் முகரக்கூட வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தேய்க்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தையின் முகத்தில், மூக்கில், நெஞ்சில் மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் உள்ள எதையும் தடவாதீர்கள், மூச்சு இறுகிவிடும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்குக் கற்பூரமும் மென்தாலும் இரத்த அணுக்களை உடைக்கக்கூடும். ஆறு வயது வரை சொட்டுப் புட்டியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன்.

ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்தில் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன் அளவு சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை மூட்டு வலிக்குத் தேய்த்தாலே இரத்தக் கசிவு ஆபத்து ஏறும்.

பத்திரமும் அவசரமும்

அடர்நிறக் கண்ணாடிப் புட்டி, இறுக்கிய மூடி, வெயில் படாத இடம். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் ஒரு மாதத்தில் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜில் தனி டப்பாவுக்குள் வைப்பது நல்லது. பழசாகிக் காற்றுப்பட்ட லாவெண்டரும் டீ ட்ரீயும் தோலை அரிக்கும், திறந்த தேதியை லேபிளில் எழுதி ஒரு வருடத்தில் கழித்துவிடுங்கள். இருமல் மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் டானிக் என்று நினைத்துப் பிள்ளைக்கு யூகலிப்டஸ் எண்ணெயைப் புகட்டிவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் போதும், குழந்தை மயங்கிவிடும்.

அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் கொடுக்க வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது திருநெல்வேலிப் பக்கம் என்றால் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போங்கள். புட்டியைக் கையோடு எடுத்துப் போனால் என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். பிள்ளை பார்க்க நன்றாக இருந்தாலும் வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம், வலிப்பு சில நிமிடங்களிலேயே வரக்கூடும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். தோலில் கொட்டினால் முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்து, அதற்குப் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.